கெட்டது சிப், பில் பெட்டிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பேட்டரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வருஷம் வரும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பேட்டரிக்குக் கம்பெனிகள் பொதுவாக எட்டு வருஷ வாரண்டி கொடுக்கின்றன. அதைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கு அவ்வளவு கொடுப்பதில்லை. அமெரிக்காவில் டெஸ்லா காரின் அடிப்படை வாரண்டி நாலு வருஷம் அல்லது 50,000 மைல், எது முந்துகிறதோ அது. ஐந்தாவது வருஷம் டாஷ்போர்டுத் திரை இருண்டு போனால், அதற்கான செலவு கார்க்காரர் தலையில்.

அப்படி ஆயிரக்கணக்கான திரைகள் இருண்டு போன சங்கதியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

டெஸ்லா 2012-ல் மாடல் எஸ் காரை வெளியிட்டது. டாஷ்போர்டு நடுவில் 17 அங்குலத் தொடுதிரை. ஏ.சி., ரிவர்ஸ் கேமரா, சார்ஜ் எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பது வரை எல்லாம் அந்தத் திரை வழியாகத்தான். தனிப் பட்டன்கள் மிகக் குறைவு. திரைக்குப் பின்னால் இருக்கும் கணினிப் பெட்டிக்கு எம்.சி.யு. என்று பெயர். அதன் ப்ராசஸர் என்விடியா டெக்ரா 3. அது பெரிய போர்டில் நேரடியாக இல்லை. அதில் செருகிய சின்னத் துணைப் போர்டில் இருக்கிறது. அதே துணைப் போர்டில்தான் 8 ஜி.பி. சேமிப்புச் சிப்பும் இருக்கிறது. ஈ.எம்.எம்.சி. வகை. மலிவான மொபைல் போன்களில் போடுகிற அதே சாதிதான்.

இந்த வகைச் சிப்பில் எழுதுவதற்குக் கணக்கு உண்டு. சிலேட்டைப் போல எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுத முடியாது. சிப்பு பல பிளாக்குகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பிளாக்கை ஏறக்குறைய 3,000 முறை அழித்து எழுதினால் அதன் ஆயுள் தீர்ந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரித்தபோது இந்தக் கணக்குதான் முன்னால் வந்தது. ஒவ்வொரு பிளாக்கும் நாளுக்குச் சராசரி 0.7 முறை எழுதப்பட்டால் 3,000 முறை தீர 11, 12 வருஷம் ஆகும். வண்டியை அதிகம் ஓட்டுபவருக்கு அது 1.5 முறை ஆனால், 2,000 நாளில் முடிந்துவிடும். அதாவது ஐந்தரை வருஷம். நாலு வருஷ வாரண்டி தீர்ந்து மூச்சு விடுவதற்குள் சிப்பும் தீர்கிறது.

இத்தனை முறை எழுதுவது யார்? கார்தான். உள்ளே ஓடுவது லினக்ஸ். எந்த நிரல் என்ன சொன்னது என்று அது ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தது. அந்தக் குறிப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் இந்த 8 ஜி.பி. சிப். இன்னொரு பக்கம், ஒவ்வொரு அப்டேட்டிலும் மென்பொருள் பருத்துக்கொண்டே போனது. மென்பொருள் அதிக இடத்தைப் பிடித்தால் காலி பிளாக்குகள் குறையும். தேய்மானத்தைப் பரவலாக்குவது சிப்புக்குள்ளிருக்கும் கன்ட்ரோலரின் வேலை. பரப்ப இடமில்லாவிட்டால் அதுதான் என்ன செய்யும்? இருக்கிற பிளாக்குகளே திரும்பத் திரும்ப அடி வாங்கும். பிறகு டெஸ்லா அப்டேட் அனுப்பிக் குறிப்பெழுதுவதைக் குறைத்தது. அதற்குள் பழைய வண்டிகளில் சிப்பின் ஆயுள் கணிசமாகக் குறைந்திருந்தது. 8 ஜி.பி. போதும் என்று முடிவு செய்தவருக்கு, அதே சிப்பில் இத்தனை வருஷம் குறிப்பெழுதப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை போலும்.

அறிகுறிகள் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் திரை எழுந்திருக்க நேரமெடுக்கும். மேப் தயங்கும். பாட்டு நின்று நின்று வரும். ஸ்டீயரிங்கில் இருக்கும் இரண்டு உருளைப் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரை மறுபடி தொடங்கும். சரியாகிவிட்டது போலத் தோன்றும். வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது தினமும் என்று ஆனால், சிப்பு விடைபெறப் போகிறது என்று அர்த்தம். கடைசியில் திரை கறுத்துவிடும். கார் ஓடும்; பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ரிவர்ஸ் கேமரா இல்லை, கண்ணாடியில் படியும் பனியை நீக்க ஏ.சி.யைத் திருப்ப வழியில்லை, இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தமும் இல்லை. என்.எச்.டி.எஸ்.ஏ. இதைப் பாதுகாப்புக் குறை என்று எடுத்துக்கொண்டதற்கு இவைதான் காரணம்.

இப்போது பில்லுக்கு வருவோம். அப்போது டெஸ்லா சர்வீஸ் சென்டரில் சிப்பை மட்டும் மாற்றும் வழக்கம் கிடையாது. முழு எம்.சி.யு. பெட்டியையே மாற்றினார்கள். செலவு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் அளவில் போனது. இல்லையென்றால் அடுத்த தலைமுறைக் கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்று 2020-ல் ஒரு திட்டம் வந்தது: 2,500 டாலர். பிறகு 1,500 டாலராகக் குறைத்தார்கள். ஆனால் ரேடியோ வேண்டுமென்றால் தனியாக 500 டாலர். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வெளிக் கடைக்காரர்கள் இதே கோளாறைச் சில நூறு டாலரில் முடித்தார்கள். கெட்ட சிப்பை மட்டும் எடுத்துவிட்டு 32 அல்லது 64 ஜி.பி. சிப் வைத்தார்கள். 64 ஜி.பி. என்றால் அதே அளவு எழுத்து எட்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. தேய்மானமும் அந்த அளவுக்குக் குறையும். வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எங்கே காசு கொடுக்கலாம், எங்கே பயப்படலாம் என்று அதில்தான் தெரியும்.

வண்டியை அணைத்து, விபத்தில் மீட்புப் பணியாளர்கள் ஹை வோல்டேஜைத் துண்டிப்பதற்காக முன்பக்கம் வைத்திருக்கும் லூப் கம்பியைக் கழற்றி, பிறகு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். டாஷ்போர்டு ஓரப் பட்டைகளைப் பிரித்து எம்.சி.யு.வை வெளியே இழுத்து, துணைப் போர்டை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். சிப்பின் அடியில் 153 குட்டி ஈயக் குண்டுகள். ஈயம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். இப்போதைய போர்டுகளில் ஈயம் கலக்காத சால்டர், அது 217 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உருகும். அதனால் போர்டை அடியிலிருந்து மெல்லச் சூடாக்கிக்கொண்டு, மேலிருந்து ஹாட் ஏர் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு மேலிருந்து மட்டும் கொளுத்தினால் பக்கத்தில் இருக்கும் ராம் சிப்புகளின் குண்டுகளும் உருகும், போர்டு வளையும். சிப்பு சரியாகப் போய், போர்டு செத்துப்போன கதை இங்கேதான் நடக்கும்.

எடுத்த சிப்பை சாக்கெட்டில் வைத்துக் கணினியில் படிக்கிறார்கள். ஒரே மூச்சில் படிக்க வராது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கும் பகுதிகளை மறுபடி மறுபடி முயல வேண்டும். படித்த பிரதியைப் புதுச் சிப்பில் ஏற்றி, புதுக் குண்டுகளோடு போர்டில் உட்கார வைத்து, காரில் பூட்டுவதற்கு முன் மேஜையில் 12 வோல்ட் கொடுத்து எழுப்பிப் பார்க்கிறார்கள்.

பழையதைப் படித்தே ஆக வேண்டுமா, புது மென்பொருளை அப்படியே ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு. கம்பெனி சர்வரோடு இந்த வண்டி பேசுவதற்கான ரகசியச் சாவிகள் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. அவை வண்டிக்கு வண்டி வேறு. சிப்பு முழுக்க இறந்தபின் கொண்டுபோனால் திரையை எழுப்பிவிடலாம். ஆனால் மொபைல் செயலியும் அப்டேட்டும் வருவது கம்பெனியின் தயவைப் பொறுத்தது. உடைந்த காரிலிருந்து பழைய எம்.சி.யு.வை வாங்கிப் பூட்டும் யோசனையிலும் இதே சிக்கல் உண்டு: அது வேறொரு காரின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு வரும். ஆகவே திரை தயங்கத் தொடங்கிய மாதத்திலேயே வேலையை முடிப்பதுதான் புத்தி.

இப்படிப் பூட்டைத் திறந்து பார்ப்பது சட்டப்படி சரியா? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் பழுது பார்ப்பதற்காக வண்டி உரிமையாளர் மென்பொருள் பூட்டைத் தாண்டலாம் என்று 2015-ல் விலக்கு கொடுத்தார்கள். 2018-ல் அதை உரிமையாளருக்காக வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் நீட்டினார்கள். 2020 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், வண்டியிலிருந்து கம்பியில்லாமல் போகும் பழுதுத் தகவலும் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று நாலில் மூன்று பங்கு பேர் வாக்களித்தார்கள். அதன் மேல் வழக்கு பல வருஷம் இழுத்தது.

நம் சிப்புக்கு வருவோம். 2020 ஜூனில் விசாரணை தொடங்கியது. அந்த நவம்பரில் டெஸ்லா இந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை எட்டு வருஷம், ஒரு லட்சம் மைல் என்று நீட்டியது. என்.எச்.டி.எஸ்.ஏ. அதோடு விடவில்லை. 2021 ஜனவரியில் சுமார் 1,58,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் எழுதியது. பிப்ரவரியில் டெஸ்லா ஏறக்குறைய 1,35,000 வண்டிகளுக்கு ஒப்புக்கொண்டது. தேயும் பாகம் தேயத்தான் செய்யும், வண்டியின் ஆயுள் முழுக்க வர வேண்டுமென்று கேட்பது நியாயமில்லை என்பது கம்பெனியின் வாதம். டயருக்கு அது பொருந்தும். டயர் தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது, நாலு கடையில் விலை கேட்டு மாற்றவும் முடிகிறது. கேமராவும் ஏ.சி.யும் தொங்கிக்கொண்டிருக்கும் சிப்பை அதோடு சேர்ப்பது எனக்கு ஏற்பாக இல்லை. கவனியுங்கள்: திரும்ப அழைத்தபோது கம்பெனி மாற்றிக் கொடுத்தது முழுப் பெட்டியை அல்ல. 64 ஜி.பி. சிப் வைத்த துணைப் போர்டை மட்டும்தான். வெளிக் கடைக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த இடத்துக்கே கம்பெனியும் வந்து சேர்ந்தது.

இதே தைரியத்தை எல்லா இடத்திலும் காட்டக் கூடாது. எம்.சி.யு. 12 வோல்ட்டில் ஓடுகிற பெட்டி. தப்பு செய்தால் பெட்டி போகும், ஆள் போக மாட்டார். ஹை வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் நுழையும் பெட்டி வேறு ரகம். மாடல் எஸ் பேட்டரி 400 வோல்ட் அளவு. ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈ.வி.6 போன்றவை 800 வோல்ட் வகை. அவற்றில் ஐ.சி.சி.யு. என்று ஒரு பெட்டி உண்டு. வீட்டுக் கரண்டை வாங்கிப் பெரிய பேட்டரியை ஏற்றுவதும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுவதும் அதன் வேலை. அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரி ஓட ஓட இறங்கும், வண்டி சக்தியைக் குறைக்கும், பிறகு நின்றுவிடும். 2024-ல் அமெரிக்காவில் பெரிய எண்ணிக்கையில் இதற்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருஷம் இந்தியாவிலும். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பூட்டப்படும் அயோனிக் 5 வண்டிகளில் 1,744 அதில் அடக்கம்.

இதை ஓட்டுநரே ஓரளவு சோதிக்கலாம். 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மட்டும் மல்டிமீட்டரை வையுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது 12.4-லிருந்து 12.7 வரை இருந்தால் நல்லது. வண்டியை ஓட்டத் தயாரான ரெடி நிலைக்குக் கொண்டுவந்ததும் 13-க்கு மேல் ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்று மெல்ல இறங்கினால் ஏற்றும் பெட்டியில் கோளாறு என்று சந்தேகப்படலாம். ஏறுகிறது, ஆனால் அணைத்த மறுநாள் காலையில் 12-க்குக் கீழே கிடக்கிறது என்றால், கோளாறு அந்தச் சின்ன பேட்டரியிலேயே இருக்கக்கூடும். இது முக்கியம். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள் திரையில் வரும், பழுது பார்க்கும் ஸ்கேனரில் வரிசையாகப் பிழைக் குறியீடுகள் வரும். அதைப் பார்த்துப் போர்டு போர்டாக மாற்றச் சொல்பவரிடம், முதலில் புது 12 வோல்ட் பேட்டரி போட்டு, அந்தக் குறியீடுகளை அழித்து, மறுபடி எவை வருகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஐ.சி.சி.யு.வைத் திறக்கும் வேலையைத் தெருமுனைக் கடையில் கொடுக்காதீர்கள். உள்ளே ஃப்யூஸ் போயிருந்தால் ஃப்யூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. எது அதிகக் கரண்டை இழுத்ததோ அது இன்னும் அங்கேயே இருக்கும். கூலன்ட் ஓடும் பெட்டி என்பதால் சீல் சரியாக உட்காராவிட்டால் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகிவிடும். செய்பவரிடம் 1,000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 கையுறையும், ஹை வோல்டேஜைத் துண்டித்தபின் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர் இறங்கும்வரை காத்திருந்து மீட்டரில் பூஜ்யம் பார்க்கும் பழக்கமும் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெளிக் கடையில் கொடுப்பதற்கு முன் நாலு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளலாம். எந்தப் பாகம் கெட்டது, எப்படித் தெரிந்தது? பழைய சிப்பைத் திருப்பித் தருவார்களா? படித்தெடுத்த பிரதி உங்களுக்கும் கிடைக்குமா, அவர்கள் கணினியில் அது எத்தனை நாள் கிடக்கும்? உங்கள் வண்டியின் சாவிகள் அதில் இருக்கின்றன என்பதால் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடை விலை கூடச் சொன்னாலும் பரவாயில்லை.

பில்லில் "டிஸ்ப்ளே ரிப்பேர்" என்று ஒற்றை வரி எழுத விடாதீர்கள். பாகத்தின் பெயர், பார்ட் நம்பர், ஓடிய கிலோமீட்டர், தேதி எல்லாம் இருக்கட்டும். டெஸ்லா திரும்ப அழைத்தபோது, அதற்கு முன்பே சொந்தக் காசில் இதே கோளாறைச் சரிசெய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் அதோடு வந்தது. அதற்குக் காட்ட வேண்டியிருந்தது அந்தப் பில்லைத்தான்.

நன்றி. வணக்கம்.