கணக்கைத் திறந்து வைத்தவரை நம்பலாம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

குற்றம் செய்து திருந்திய ஒருவரை நம்பி ஆதரவற்ற குழந்தைகளை ஒப்படைக்கலாமா, கூடாதா என்பது இன்றைய தலைப்பு. ஒப்படைக்கலாம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "உங்கள் பிள்ளையை அப்படிப்பட்டவர் கையில் விடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அவை கைதட்டியது. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

அதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜார்ஜ் முல்லர். 1805இல் பிரஷியாவில், இன்றைய ஜெர்மனியில், பிறந்தவர். அப்பா அரசாங்கத்துக்கு வரி வசூலிப்பவர். வசூல் பணத்தில் பையன் பத்து வயதுக்குள்ளேயே கை வைக்கத் தொடங்கிவிட்டான். சந்தேகப்பட்ட அப்பா ஒருநாள் காசை எண்ணி வைத்துவிட்டு வெளியே போனார். வந்து பார்த்தால் குறைகிறது. பையனைச் சோதித்தார்கள். ஷூவுக்குள், உள்ளங்காலுக்கு அடியில் இருந்தது காசு.

பதினாறு வயதில் விடுதியில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, காசு கொடுக்காமல் ஓடப் பார்த்துப் பிடிபட்டான். 1821 டிசம்பரில் சிறை. மறு மாதம் அப்பா கடனைக் கட்டி மீட்டார். திருந்தினானா? இல்லை. பிறகு படிக்கப் போன இடத்தில், கையில் இருந்த பணத்தைச் செலவழித்துவிட்டுத் தன் பெட்டியின் பூட்டைத் தானே உடைத்தான். மேல்சட்டைகூடப் போடாமல் தலைமை ஆசிரியரிடம் ஓடி, "பணம் திருட்டுப் போய்விட்டது" என்று நடித்தான். நண்பர்கள் பாவப்பட்டுக் காசு திரட்டிக் கொடுத்தார்கள்.

இருபது வயதில், ஹாலே நகரில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போன பிறகுதான் அவர் மாறினார். பின்னர் இங்கிலாந்து போனார். 1836இல் பிரிஸ்டல் நகரில் வாடகை வீடு ஒன்றில் முப்பது பெண் குழந்தைகளுக்கு இடம் செய்தார். 1870க்குள் அதே நகரின் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் நின்றன, 2,050 குழந்தைகள் தங்கும் அளவுக்கு. 1898இல் அவர் இறந்தபோது, அவர் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல அநாதை இல்லங்களில், நன்கொடையாளர்கள் ஓட்டுப் போட்டால்தான் குழந்தைக்கு இடம். தெரிந்த ஆள் இல்லாத பிள்ளை வெளியே நிற்கும். முல்லர் அந்த முறையே வேண்டாம் என்றார். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, வறுமை என்றால் சிபாரிசு இல்லாமல் சேர்த்துக்கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர் படிப்பைக் குறைக்கவில்லை.

சரி, ஷூவுக்குள் காசு இருந்த கதை நமக்கு எப்படித் தெரிந்தது? எந்தப் போலீஸ் பதிவிலும் தேடி எடுத்ததல்ல. 1837இல், இல்லம் தொடங்கிய மறு வருடமே, அவரே எழுதி அச்சிட்டு வெளியிட்டது. நான் திருடினேன், சிறையில் இருந்தேன் என்று ஊரறியச் சொன்னார். அதைப் படித்த பிறகும் மக்கள் கொடுத்தார்கள். வாழ்நாளில் அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. வரவும் செலவும் ஆண்டறிக்கையில் அச்சாகும். கொடுத்தவர் தன் காசு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இறந்தபோது அவருக்கென்று மிஞ்சியது, புத்தகமும் மேசை நாற்காலியும் சேர்த்து, 160 பவுண்டு சொச்சம். அப்பாவின் வரிப் பணத்தைத் தொட்ட கை இது, நடுவர் அவர்களே.

எதிரணி நண்பர் குறளைச் சொன்னார்: "தேறற்க யாரையும் தேராது". ஆராயாமல் யாரையும் நம்பாதே. முழுக்க ஏற்கிறேன். ஆனால் வள்ளுவர் அங்கே நிற்கவில்லை. அடுத்த குறளிலேயே, "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்கிறார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகிப்பதும் துன்பம். எதிரணி முதல் பாதியை மட்டும் கையில் வைத்திருக்கிறது.

கறையில்லாதவர் என்ற பெயரே காவல் என்கிறீர்கள். பீகார் முசாபர்பூர் காப்பகத்தை மறந்துவிட்டீர்களா? அதை நடத்தியவர் ஊரில் செல்வாக்குள்ளவர். அரசு நிதி வந்தது. உள்ளே சிறுமிகள் அனுபவித்த கொடுமை, டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு போய்ப் பேசிய பிறகுதான் 2018இல் வெளியே தெரிந்தது. 2020இல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது நடத்தியவரின் நற்பெயர் அல்ல. வெளியிலிருந்து போய்க் கதவைத் திறந்து கேட்டவர்கள்.

அதனால் பதிவும், திடீர்ச் சோதனையும், குழந்தைகள் நலக் குழுவும் எல்லா இல்லத்துக்கும் வேண்டும். திருந்தியவர் நடத்துவதற்கும் வேண்டும், தர்மவான் நடத்துவதற்கும் வேண்டும். இன்னொன்றும் தெளிவாகச் சொல்கிறேன். குழந்தைக்குக் கேடு செய்தவரை எங்கள் அணி ஒருபோதும் குழந்தைகள் பக்கம் விடச் சொல்லவில்லை. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

திருந்தியவர் கண்ணீரிலேயே கரைந்து கண்டிப்பை விட்டுவிடுவார் என்றும் ஒரு வாதம் வந்தது. முல்லரிடம் எட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் வந்து சேர்ந்தான். திருட்டுக் கும்பலில் இருந்தவன், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். மற்றப் பிள்ளைகளின் பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஓடினான். இரண்டு முறையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பொறுத்தார்கள். கடைசியில், கூட இருக்கும் பிள்ளைகள் கெடக் கூடாது என்று அவனை அனுப்பிவிட்டார் முல்லர். எனக்கு அதைப் படிக்கையில் மனசு கேட்கவில்லை. அந்த வயதில் அவரும் அப்படித்தானே இருந்தார்? ஆனால் தன்னை அவனிடத்தில் பார்த்தவர் ஐந்து வருடம் பொறுத்திருக்கிறார், மற்றப் பிள்ளைகளையும் பார்த்தவர் முடிவெடுத்திருக்கிறார். இந்த இரண்டும் தெரிந்தவரிடம் ஏன் குழந்தைகளை விடக் கூடாது?

இப்போது தலைவரின் கேள்விக்கு வருகிறேன். இல்லம் நடத்த வரும் அந்தத் திருந்தியவர் தன் பழைய வாழ்க்கையை மறைக்காமல் சொல்லட்டும். கணக்கை என் முன் விரித்து வைக்கட்டும். நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாலும் பிள்ளைகளோடு தனியாகப் பேச விடட்டும். இவ்வளவும் செய்தால், விடுவேன் ஐயா, என் பிள்ளையையும் விடுவேன். இதே மூன்றையும் பெயர் கெடாத ஒருவர் செய்ய மறுத்தால், அவரிடம் விட மாட்டேன்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.