மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

நேயர்களுக்கு வணக்கம். காயலாங்கடையில் பழைய பேப்பர் போட்டிருப்பீர்கள். தராசில் வைப்பதற்கு முன் கடைக்காரர் கட்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் எடையில் கழிப்பார், எண்ணெய் பட்டதை ஒதுக்கிவிடுவார். ஊர் முழுக்க நடக்கும் மறுசுழற்சிக்கும் இதே கணக்குதான்.

எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் பிரிப்பதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திருகி ஒரு சாக்கில் போடுவார். கழுத்தில் ஒட்டியிருக்கும் வளையத்தைக் கத்தியால் நெம்பி அதே சாக்கில் போடுவார். பாட்டிலை மிதித்து நசுக்கி இன்னொரு சாக்கில் தள்ளுவார். “எதுக்கும்மா இவ்வளவு பாடு?” என்றேன். “கலந்து போட்டா விலை இல்லீங்க” என்றார். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். வாளித் தண்ணீரில் மூடி மிதக்கும், பாட்டிலை வெட்டிப் போட்டால் துண்டு மூழ்கும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். ஆலைக்காரருக்குத் தனித்தனியாகத்தான் வேண்டும்.

சரி, ஊர்க் கணக்குக்கு வருவோம். பல நகரங்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம். பிரித்தாலும் கலந்தாலும் அவருக்கு எடை ஒன்றுதான். வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. நாம் பிரித்துக் கொடுத்து, வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும்? சாம்பார் பட்ட பேப்பரைக் கடைக்காரர் தொடமாட்டார். காசாக வேண்டியது லாரிச் செலவாகி, சென்னையில் என்றால் கொடுங்கையூர் குப்பை மேட்டிலோ, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பை மேட்டிலோ போய்ச் சேரும். பல வருடம் கழித்து அதே மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க மறுபடியும் மக்கள் பணம். கலந்து போட்டால் விலை இல்லை என்று அந்த அம்மா சொன்னது இதைத்தான்.

நீலகிரியைப் பாருங்கள். உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கிறார்கள். கனமான கண்ணாடிக்குக் காயலாங்கடையில் சொற்ப விலைதான். அந்தப் 10 ரூபாய்க்காகத்தான் பாட்டில் திரும்பி வருகிறது.

அப்புறம், புனே. நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ‘ஸ்வச்’ என்று குப்பை சேகரிப்பவர்களே நடத்தும் கூட்டுறவு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தை அவர்களிடமே கொடுக்கிறார்கள், பிரித்து விற்ற காசும் அவர்களுக்கே. அதனால் கலக்காமல் வாங்குவதில் அவர்களுக்கே அக்கறை. நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை இன்னொரு நாள் பேசுவோம். அந்த வாளித் தண்ணீரை மட்டும் மறந்துவிடாதீர்கள். வணக்கம்.