விட்டத்தில் தொங்கிய மரத்துண்டு

அவையோருக்கு வணக்கம். ஒரு நாவலுக்குள் இன்னொரு நாவலின் குரல் கேட்பதை விளக்கக் கோட்பாட்டு நூல்களைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும். குருத்தோலை ஞாயிறன்று அண்ணன் நற்கருணை வாங்கப் போகவில்லை, அப்பா தமது கனத்த பூசைப் புத்தகத்தை வீசியெறிந்தார், வீட்டில் எல்லாம் சிதையத் தொடங்கியது என்றுதான் நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா அடிச்சியின் 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' (2003) ஆரம்பமாகிறது. அந்தச் சிதைவு, தமிழில் 'சிதைவுகள்' என வந்துள்ள அதே நாட்டு எழுத்தாளர் சினுவா அச்சிபியின் 1958ஆம் ஆண்டு நாவலின் தலைப்பிலிருந்து வந்தது. அச்சிபியோ அதை அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸிடம் எடுத்தார். ஐரோப்பா குலைவதைக் கண்டு அஞ்சிய சொற்கள், ஐரோப்பா நுழைந்ததால் குலைந்த நைஜீரியாவின் இக்போ இன மக்களுடைய ஊருக்குப் பொருந்திப்போனதில் உள்ள கிண்டலை அச்சிபி அறியாதவரல்லர்.

அவருடைய நாவலில் பாதிரியார் பிரௌனும் ஊர்ப் பெரியவர் அகுன்னாவும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். விட்டத்தில் தொங்கும் இகெங்கா என்னும் வழிபாட்டு மர உருவத்தைக் காட்டி, மரத்துண்டைக் கடவுள் என்கிறீர்களே என்கிறார் பாதிரியார். மரத்துண்டுதான், ஆனால் அந்த மரத்தைப் படைத்தவர் எங்கள் முழுமுதற் கடவுள் சுக்வு அல்லவா என்கிறார் அகுன்னா. ஒருவரும் மதம் மாறவில்லை, ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். இதைச் சகிப்புத்தன்மை என்று உடனே கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. நேரடித் தாக்குதல் பலிக்காது என்று அந்தப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்ட பிரௌன், பள்ளிக்கூடமும் சிறு மருத்துவமனையும் கட்டுகிறார். பின்னால் வரும் பாதிரியார் ஸ்மித்துக்கு இந்தப் பொறுமையும் இல்லை. கோதுமையும் களையும், வெட்டுண்ட பாகாலின் தீர்க்கதரிசிகள் என்று அவர் விவிலியத்திலிருந்து எடுப்பவையெல்லாம் பிரித்து ஒதுக்கும் பகுதிகள். அகுன்னாவோடு பிரௌனை உட்காரவைத்ததும் அதே விவிலியம்தான்.

அடிச்சி அந்த வாதத்தை மீண்டும் நடத்தவில்லை. தாத்தாவை அஞ்ஞானி என்று ஒதுக்கும் கத்தோலிக்கத் தந்தை, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் 15 நிமிடமே இருக்கவிடுகிறார். அங்கே கை நனைக்கக் கூடாது. பிறகு ந்சுக்கா என்னும் ஊரில் தன் வீட்டில், ஒரு விடியற்காலையில் அத்தை, கதை சொல்லும் மகள் கம்பிலியை எழுப்பி, தாத்தா செய்வதைப் பார் என்று மட்டும் சொல்கிறாள். நாம் ஜெபமாலை சொல்வதைப் போன்றதுதான் இதுவும் என்பது அத்தையின் எண்ணம். தாழ்வான முக்காலியில் அமர்ந்து, சிமெண்டுத் தரையில் வெண்கட்டியால் கோடுகள் இழுத்தபடி அவர் வேண்டுகிறார். எதிர்வாதம் செய்ய அங்கே பாதிரியார் இல்லை. ஒளிந்து நின்று கேட்கும் பேத்தி மட்டுமே இருக்கிறாள். தம்மை வாசலில் சேர்க்காத மகன் யூஜினுக்கும் அவர் அதே உருக்கத்தோடு ஆசி கேட்பது அவள் காதில் விழுகிறது.