700 பக்கம் புரட்டியும் கதை ஏன் நகரவில்லை? ‘தி வீல் ஆஃப் டைம்’ பத்தாம் புத்தகம் தந்த ஏமாற்றம்

வணக்கம் நேயர்களே. வெளியானவுடன் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன ஒரு நாவலை, அந்தத் தொடரின் தீவிர வாசகர்களே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரவரிசையின் அடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 700 பக்கங்கள் கொண்ட அந்த நாவலில், உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய கதாநாயகன் தலைகாட்டும் பக்கங்களை எண்ணிவிடலாம். படித்து முடித்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், ஓர் இளவரசி குளித்தது நினைவிருக்கிறது என்பார்கள். 2003 ஜனவரியில் வெளிவந்த ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ என்ற அந்த நாவல், ராபர்ட் ஜோர்டன் எழுதிய ‘தி வீல் ஆஃப் டைம்’ என்னும் மந்திர உலகக் கற்பனை நாவல் தொடரின் பத்தாம் புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதி, ஆசிரியர் கதையின் கடிகாரத்தைத் தெரிந்தே பின்னுக்குத் திருப்பி வைத்ததில் இருக்கிறது. கதையின் திருப்பங்களை ஒளிக்காமல் பேசப்போகிறேன் என்பதால், இப்போதுதான் தொடரைத் தொடங்கியிருப்பவர்கள் இந்த வீடியோவைச் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு வாருங்கள். போகும்போது சேனலுக்குச் சந்தா செய்துவிட்டுப் போனால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் ஜோர்டன் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர், வியட்நாம் போரில் பணியாற்றியவர், இயற்பியல் படித்தவர். முதல் ஆறு புத்தகங்களும் 1990 ஜனவரிக்கும் 1994 அக்டோபருக்கும் இடையில், ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் வந்துவிட்டன. அதன் பிறகு 1996, 1998, 2000, 2003 என்று இடைவெளி நீண்டுகொண்டே போனது. பின்னணி அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். பத்தாம் புத்தகம் ஏன் ஏமாற்றியது என்பதைப் புரிந்துகொள்ள, ஒன்பதாம் புத்தகமான ‘வின்டர்ஸ் ஹார்ட்’ எப்படி முடிந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த உலகத்தில் மந்திர ஆற்றலின் ஆண்பாதி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நஞ்சேறிக் கிடக்கிறது. அதைத் தொடும் ஒவ்வோர் ஆணும் இறுதியில் பித்துப்பிடித்து அழிவான் என்பதுதான் முதல் புத்தகத்திலிருந்து கதையின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. நாயகன் ரேண்டும் அவனுடன் ஒரே ஊரில் வளர்ந்த நைனீவும் ஷடார் லோகோத் என்னும் சபிக்கப்பட்ட பாழ்நகரத்துக்குப் போய், அந்த உலகத்தின் மாபெரும் மந்திரக் கருவி இரண்டை இயக்கி, எதிரிகள் நாலாபுறமும் சூழ்ந்து தாக்கும்போதே அந்த நஞ்சை உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். கண்டம் முழுவதும் மந்திரம் அறிந்த பெண்கள் எல்லோரும் அந்த ஆற்றலைத் தொலைதூரத்தில் எரியும் தீப்பந்தம் போல உணர்கிறார்கள். கடைசியில் அந்த நகரம் இருந்த இடத்தில் பெரும்பள்ளம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், முழுத் தொடரிலும் மிகச் சிறந்த உச்சக்கட்டங்கள் மூன்றைப் பொறுக்கச் சொன்னால் இதற்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு.

2000 நவம்பரில் இதைப் படித்துப் புத்தகத்தை மூடிய வாசகனுக்கு மனத்தில் இருந்தவை ஒன்றிரண்டு கேள்விகள்தான்: இனி ஆண்கள் என்ன செய்வார்கள், ரேண்டுக்கு என்ன ஆனது? பதிலுக்காக அவன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தான். 2003 ஜனவரியில் புதிய புத்தகத்தைத் திறந்தால், கதை அந்த உச்சக்கட்டத்துக்கு முந்தைய நாட்களுக்கே திரும்பிப் போயிருந்தது.

திருப்பிய ஆசிரியர் ஒருமுறையோடு நிறுத்தவும் இல்லை. சர்க்கஸ் கூட்டத்தோடு பயணம் போகும் ரேண்டின் நண்பன் மேட்டின் கதையில், நஞ்சு நீங்கிய அந்த நாள் வருகிறது. கூட இருக்கும் மந்திரக்காரிகள் வெளிச்சம் வந்த திசையை நோக்கித் திகைக்கிறார்கள். பிறகு கடத்தப்பட்ட மனைவியைத் தேடும் இன்னொரு நண்பன் பெரினின் முகாமில் அதே நாள் வருகிறது, அங்கேயும் திகைக்கிறார்கள். பிறகு கேம்லின் நகரில் அரியணைக்காகப் போராடும் இளவரசி எலெய்ன். பிறகு மந்திரக்காரிகளில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கி டார் வாலன் நகரை முற்றுகையிட்டிருக்கும் எக்வீன். ஒவ்வொருவரும் அதே திசையை நோக்கி, இது என்னவாக இருக்கும், இவ்வளவு ஆற்றல் மனிதர்களால் ஆகுமா, எதிரிகள் ஏதேனும் புதிய ஆயுதம் செய்துவிட்டார்களா என்று விவாதிக்கிறார்கள்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவில் நள்ளிரவு வாணவேடிக்கையை முன்வரிசையில் நின்று பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பும்போது ஒருவர் உங்கள் கையைப் பிடித்து, மேலத் தெருவுக்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து “என்னமோ சத்தம் கேட்குதே” என்று சொல்வதைக் காட்டுகிறார். அடுத்து கீழத் தெரு, அங்கே ஒரு தாத்தா அதையே சொல்கிறார். அடுத்து பக்கத்து ஊர், அங்கே ஒருவர் வானம் சிவந்ததைப் பார்த்து எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பதறுகிறார். நீங்கள் அவரோடு சேர்ந்து பதறுவீர்களா? மாட்டீர்கள். அது தீ அல்ல, வாணவேடிக்கை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கவலையெல்லாம் வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

வாசகனுக்கு ஒன்று தெரிந்து பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருப்பது கதை சொல்வதில் மிகப் பழைய, மிகவும் பலன் தரும் உத்தி. பாத்திரம் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்க, அதன் பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பது நமக்குத் தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜோர்டன் அதைத் தலைகீழாக்கிவிட்டார். இங்கே நமக்குத் தெரிந்தது நல்ல செய்தி. பாத்திரங்கள் அஞ்சுவதோ இல்லாத ஆபத்துக்கு. ஆகவே அவர்கள் எவ்வளவு அஞ்சினாலும் நமக்குத் துடிப்பு ஏறுவதில்லை. அதையே நான்கு இடங்களில் அடுத்தடுத்துப் படிக்க வேண்டியிருப்பதுதான் அந்தச் சோர்வுக்கு வேர் என்பேன். வாசகர்கள் குறைசொல்லும் குளியலும் தேநீரும் பாவாடை மடிப்பும் அப்புறம்தான்.

ஆசிரியருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அந்தத் தவறான அச்சத்தால் விளைந்த ஒரு திருப்பத்தையும் சொல்ல வேண்டும். எக்வீனின் முகாமில் உள்ள மந்திரக்காரிகள், எதிரியின் புதிய ஆயுதத்துக்கு ஈடு கொடுக்க வேறு வழியில்லை என்று எண்ணி, தாங்கள் காலங்காலமாக வெறுத்துவந்த மந்திர ஆண்களின் அணியோடு உடன்பாடு பேச வாக்களிக்கிறார்கள். இல்லாத ஆபத்துக்குப் பயந்து ஒரு பழைய பகையைத் தளர்த்துகிறார்கள் என்பது அருமையான முரண். ஆனால் அதற்குப் போதுமான இடம் ஓர் அத்தியாயம்தான். அந்த ஒன்றுக்காக மற்ற முகாம்களையும் சுற்றி வர வேண்டுமா?

குளியலையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் விடமாட்டீர்கள். எலெய்னுக்கு அரியணை கிடைக்க நாட்டின் பெரிய பிரபுக் குடும்பங்கள் 19இல் 10 ஆதரவு தர வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை, அவருடைய கொடியில் என்ன சின்னம் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, புத்தகம் முடியும்போதும் முடிவு தெரிவதில்லை. குளியல் அந்தக் கணக்குக்கு நடுவே வரும் இளைப்பாறல் என்றே எனக்குத் தோன்றியது.

இந்தப் புத்தகத்திலும் எழுத்தாளனின் கை தெரியும் இடங்கள் உண்டு, அவற்றில் இரண்டு பெரினின் பகுதியில் இருக்கின்றன. படைக்குத் தானியம் வாங்க அவன் சோ ஹாபர் என்ற ஊருக்குப் போகிறான். ஊர் மக்கள் அழுக்கேறிய உடையோடு, குளிப்பதையே மறந்தவர்கள் போலத் திரிகிறார்கள்; விற்பனைக்கு வைத்திருக்கும் தானியத்தில் வண்டு நெளிகிறது; இரவானால் செத்தவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் வெளியே வருகிறது. அந்த வண்டுத் தானியத்தை விட்டால் வேறு வழியில்லாமல், ஊருக்கு வெளியே தூற்றிப் புடைத்து எடுத்துப் போகிறார்கள். உலகம் அழியப்போகிறது என்று வேறு எத்தனையோ பக்கங்களில் சொன்ன ஆசிரியர், இங்கே அதைச் சொல்லாமல் வண்டைக் காட்டுகிறார். கதை நகரவில்லை என்று இந்த அத்தியாயத்தையும் சேர்த்துத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது இடம் அவனுடைய கோடரி. முதல் புத்தகத்திலிருந்து இடுப்பில் தொங்கும் ஆயுதம் அது. கொல்ல மட்டுமே பயன்படும் கோடரியா, உருவாக்கவும் உதவும் சுத்தியலா என்ற கேள்வி தொடர் முழுவதும் அவனோடு வருகிறது. மனைவி எங்கே என்று பிடிபட்ட எதிரிகளிடம் விசாரிக்கும்போது, அவன் ஒரு கைதியின் கையை அந்தக் கோடரியால் வெட்டிவிடுகிறான். பிறகு தான் செய்ததைத் தானே தாங்க மாட்டாமல் கோடரியை விட்டொழிக்கிறான். சில பக்கங்களுக்குள் முடிந்துபோகும் காட்சி. ஆனால் இதற்காகவே இந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்திருக்கலாம். மேட்டுக்கும், அவன் கடத்திக்கொண்டு வந்த அரசவாரிசு டுவானுக்கும் இடையே வண்டிக்குள் காய் நகர்த்தி விளையாடும்போது நடக்கும் சீண்டலும் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு கோபம் ஏன்? காத்திருப்பு ஒரு முக்கியமான காரணம். மேட் 1996இல் வந்த ஏழாம் புத்தகத்தின் முடிவில் இடிந்துவிழும் சுவருக்கு அடியில் சிக்குகிறான். எட்டாம் புத்தகத்தில் ஆளே இல்லை. 2000இல்தான் அவன் உயிரோடு இருப்பது வாசகனுக்குத் தெரிகிறது. நான்கு ஆண்டுகள் ஒருவனைச் சுவருக்கு அடியில் விட்டுவைத்திருந்தார்கள்! பெரினின் மனைவி ஃபெயில் கடத்தப்பட்டது 1998இல், மீட்கப்பட்டது 2005இல். கதைக்குள் அவள் சிறைப்பட்டிருந்தது சில வாரங்கள். வெளியே இருந்த வாசகனுக்கு ஏழு ஆண்டுகள். போதாததற்கு, பத்தாம் புத்தகத்துக்குப் பிறகு பதினொன்றாம் புத்தகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு 2004 ஜனவரியில் கிடைத்தது ‘நியூ ஸ்பிரிங்’ என்ற முன்கதை. இன்று தொடர் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள், நீங்கள் சொன்ன அளவுக்கு மோசமில்லையே என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு அடுத்த புத்தகம் அடுத்த நாள் காலையிலேயே கிடைத்துவிடுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் இதே சுவரில் முட்டிக்கொண்டார் என்பது சுவையான ஒற்றுமை. 2005இல் வந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ நாவலில் பாதிப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, ஜான், டிரியன், டெனேரிஸ் மூவரின் கதையையும் அடுத்த புத்தகத்துக்குத் தள்ளினார். அது வந்தது 2011இல். ஒரே காலத்தில் பல இடங்களில் நடப்பதைச் சொல்ல வேண்டிய நெருக்கடி இருவருக்கும் இருந்தது. ஒருவர் ஆட்களைப் பிரித்தார், மற்றவர் நாட்களைத் திருப்பினார். ஆட்களைப் பிரித்தது எனக்குக் குறைந்த எரிச்சலைத் தந்தது; அங்கே குறைந்தபட்சம், எனக்குத் தெரிந்த செய்தியை யாரும் எனக்கே மறுபடி சொல்லவில்லை.

2005 அக்டோபரில் வந்த பதினொன்றாம் புத்தகம் ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ கணக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கிறது. ஃபெயில் மீட்கப்படுகிறாள், எலெய்ன் அரியணை ஏறுகிறாள், மேட்டுக்கும் டுவானுக்கும் மணமாகிறது, ரேண்ட் ஒரு கையை இழக்கிறான். பத்தாம் புத்தகத்தின் கடைசியில் பிடிபட்ட எக்வீன், சிறையிலிருந்தே எதிராளிகளை ஆட்டிவைக்கத் தொடங்குகிறாள். ஜோர்டன் தம் கையால் எழுதி முடித்த கடைசிப் புத்தகம் அதுவே. அரிய இதய நோய் ஒன்றினால் 2007 செப்டம்பரில் அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து, அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் மூன்று புத்தகங்களில் தொடரை 2013இல் முடித்தார்.

ஆகவே எட்டு, ஒன்பது என்று வந்து பத்தாம் புத்தகத்தில் சிக்கி நிற்கும் நேயர்களுக்கு என் யோசனை இதுதான்: பெரின், மேட் அத்தியாயங்களை முழுமையாகப் படியுங்கள், எக்வீனின் கடைசி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள், எலெய்னின் பகுதியைச் சுருக்கமாகப் புரட்டிவிட்டு நேராக பதினொன்றுக்குப் போய்விடுங்கள். எலெய்ன் பகுதியை வரி விடாமல் ரசித்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்தப் பிரபுக் குடும்பம் உங்களைக் கவர்ந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.