உப்புப் பாக்கெட்டின் மேல் ஒரு தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நம் கரைக்கு முதலில் சொல்ல வேண்டியது உப்பைப் பற்றித்தான்.

பிரஷர் அளக்க வீட்டுக்குப் போனால், “எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பார்கள். கருவியில் 140/90-ஐத் தாண்டி நிற்கும். உயர் இரத்த அழுத்தம் என்கிற அந்த நோய் பெரும்பாலும் வலி கொடுக்காது, தலை சுற்றாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் நம் கைக்குள் இருப்பது உப்பு.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அளவு அது. குழம்பு, கஞ்சி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சமைக்கும்போது யாரும் தேக்கரண்டியால் அளப்பதில்லை, கைக்கணக்குத்தான். அதனால் நான் வேறு வழி சொல்கிறேன். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் கை தாராளமாகிவிட்டது என்று பொருள்.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. பாக்கெட்டில் இல்லாத உப்பு, கருவாட்டில் வருகிறது. பெரிய மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உப்பைத் திணித்து, தொட்டியில் அடுக்கிவைத்துப் பிறகுதான் வெயிலில் போடுகிறோம். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கிறதே, அதுவும் உப்புதான். கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஒரு முறை ஊறவையுங்கள். கொட்டும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு உப்பு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பச்சை மீன் வாங்குகிறவர்கள் சாளையையும் நெத்திலியையும் குறைவாக நினைக்க வேண்டாம். சீலாவை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டுச் சாளை தின்கிறோமே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு சாளையில் நிறைய இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மெல்லும்போது எலும்புக்கு வேண்டிய கால்சியமும் கிடைக்கிறது. எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பதே மேல்.

உப்பைக் குறைத்தால் ருசி போய்விடும் என்பது முதல் சில வாரங்களுக்குத்தான். நாக்கு பழகிவிடும். அதுவரை புளி, எலுமிச்சை, பூண்டு, மிளகு ஆகியவை கைகொடுக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் நம் மாவட்டத்துச் சொத்து, அதன் மணமே பாதி ருசியைத் தந்துவிடும். குழம்பு கொதித்துச் சுண்டிய பிறகு, இறக்கும்போது உப்புப் போடுங்கள். முதலிலேயே போட்டால் சுண்டச் சுண்ட உப்பு ஏறும்.

இந்துப்பு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் சோடியம்தான். உப்பளத்திலிருந்து நேரே வரும் உப்பில் போதிய அயோடின் இருக்காது. போடுகிற கொஞ்சமும் அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். கருப்பட்டிக்கும் இதே கதைதான்: சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதுவும் இனிப்புதான்.

வெயிலில் வியர்க்கிறதே, உப்பு வேண்டாமா என்று பாசி எடுக்கப் போகும் பெண்கள் கேட்கிறார்கள். வியர்வையில் முதலில் போவது தண்ணீர். அதைக் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. நாம் சாப்பிடும் சோற்றிலும் குழம்பிலும் இருக்கும் உப்பே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

ஆண்களுக்கு ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வலை இழுத்த உடம்பு அப்போது உட்கார்ந்தே இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரையில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், வாரத்தில் ஐந்து நாள் போதும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அளவு சரியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சரியாக வந்ததே மாத்திரையால்தான். கடலுக்குப் போகும்போது சோற்று வாளியோடு மாத்திரையும் நனையாத டப்பாவில் போகட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வாசலுக்கு வரும்போது பெண்கள் மட்டும் கையை நீட்டினால் போதாது. படகிலிருந்து இறங்கி வந்தவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் இளைப்பாறிய பிறகு அளந்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும்.

வணக்கம்.