லேப்டாப் சிப்பும் டெஸ்க்டாப் போர்டும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் எனக்கு நன்றாகப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, திரை உடைந்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. புராசசரைக் கழற்றி டெஸ்க்டாப் மதர்போர்டில் போட்டால் ஓடுமா?" ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் கேட்கிறார்கள். முடியாது என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடலாம். ஆனால் ஒரு காலத்தில் அது முடிந்தது, பிரமாதமாகவே முடிந்தது.

2003, 2004 வாக்கில் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் எக்ஸ்பி சிப்புக்கும் அதன் லேப்டாப் வகைக்கும் சிப்பை உட்கார வைக்கும் சாக்கெட் ஒன்றுதான், 462 ஊசி சாக்கெட். டெஸ்க்டாப்புக்கான 2500 ப்ளஸ் என்ற மாடல் 1.65 வோல்ட்டில் ஏறத்தாழ 68 வாட் வரை இழுக்கும். அதே பெயருள்ள லேப்டாப் சிப்புக்கு 1.45 வோல்ட், 45 வாட் போதும். வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியையும் அதில் பூட்டவில்லை. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறைக்கு இதைவிட என்ன வேண்டும்? சில போர்டுகளின் பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள், மட்டும் வந்திருப்பது யார் என்று தெரியாமல் விழிக்கும். வோல்ட்டையும் வேகத்தையும் நாமே அமைக்க வேண்டும்.

இன்டெல் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை. லேப்டாப்புக்கான பென்டியம் எம் சிப் பார்வைக்கு டெஸ்க்டாப் பென்டியம் 4-இன் சாக்கெட்டுக்குப் பொருந்துவதுபோல இருக்கும். ஊசிகளின் வேலையோ வேறு. 2005-இல் ஏசுஸ் நிறுவனம் இதற்கென்றே சிடி-479 என்ற இடைப்பலகையை விற்றது. அதுவும் அவர்களுடைய சில போர்டுகளுக்குத்தான்.

இன்றைய நிலை என்ன? 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறையோடு கழற்றி மாட்டும் லேப்டாப் சிப் நின்றுபோனது. அந்தச் சிப்பின் அடியிலேயே ஊசிகள் இருக்கும். அதே தலைமுறை டெஸ்க்டாப் போர்டிலோ ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன. ஊசியின் மேல் ஊசியை எப்படி உட்கார வைப்பது? ஐந்தாம் தலைமுறையிலிருந்து சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

அதனால் நான் சொல்வது, சிப்பைப் பிடுங்காதீர்கள். லேப்டாப்பின் போர்டையே முழுதாக டெஸ்க்டாப் ஆக்குங்கள். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இணைத்து, படம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் உடைந்த திரையைக் கழற்றலாம். வைஃபை ஆன்டெனாக் கம்பிகள் பெரும்பாலும் திரை மூடிக்குள்தான் ஓடும். மூடியோடு அவற்றையும் வீசிவிட்டு, சிக்னல் இல்லை என்று வருகிறவர்கள் அதிகம். பவர் பொத்தான் விசைப்பலகையில் இருந்தால் அதையும் கழற்ற வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் முதல் வேலையாக அகற்றிவிடுங்கள். அதைக் குத்தவோ குப்பைத்தொட்டியில் போடவோ கூடாது. பல மாடல்கள் அடாப்டரிலேயே ஓடும். காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் போர்டை ஏதாவது பெட்டிக்குள் வையுங்கள். உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது.

லேப்டாப் சிப் பற்றவைத்த டெஸ்க்டாப் அளவுப் போர்டுகளும் இப்போது சீனாவிலிருந்து வருகின்றன. விலைக்கு நல்ல வேகம்தான். ஆனால் சிப் பழுதானால் போர்டும் சேர்ந்தே போகும். பில்லும் வாரன்டியும் கையில் வராமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.