உதை இருக்கட்டும், கையைக் கேளுங்கள்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் முன்ஜாக்கிரதையாகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

'ஹெவி மெட்டல் ஆல்பங்களில் டிரம் வாசிப்பை மனதில் நிறுத்துவது கையா, காலா?' இதுதான் தலைப்பு. நான் கை அணி. எனக்கு முன்னால் பேசியவர் ஒரு கணக்குச் சொன்னார்: 200 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 200 தாள அடி. அந்த வேகத்தில் ஒரு அடிக்கு நான்கு உதை (பெரிய பாஸ் டிரம்மைப் பெடலை மிதித்து அடிப்பதுதான் உதை), ஆக நிமிடத்துக்கு 800, நொடிக்குப் பதின்மூன்று. கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்தப் பதின்மூன்றும் நம் காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டார்.

நான் சொல்கிறேன். பாஸ் டிரம்மின் வளையத்தில் டிரிக்கர் என்று ஒரு சின்ன சென்சாரைக் கவ்வ விடுவார்கள். தோல் அதிர்ந்ததும் அது மாட்யூல் என்ற மின்னணு ஒலிப்பெட்டிக்குச் சேதி அனுப்பும். ஏற்கெனவே பதிந்து வைத்த ஒரு 'டிக்' சத்தத்தை மாட்யூல் வெளியே விடும். எல்லா உதைக்கும் ஒரே அளவு சத்தம் என்று அமைத்துவிட்டால், கால் ஓய்ந்துபோய்ப் பாதி பலத்தில் உதைத்தாலும் ஒலி முழுசாகவே வரும். உணர்திறனைக் கூட்டி வைத்தால் பக்கத்தில் குச்சியால் அடிக்கும் டாம் என்ற டிரம் அதிர்ந்ததற்கும் சேர்த்து 'டிக்' போடும். குறைத்து வைத்தால் மெல்லிய உதைகளை விழுங்கிவிடும். இது மோசடி என்று நான் சொல்லவில்லை. கிட்டார் இரைச்சலுக்கு நடுவே அந்த வேகத்து உதைகள் தனித்தனியாகக் கேட்க வேண்டுமே! ஆனால் ஓங்கினாலும் ஒன்று, தடவினாலும் ஒன்று என்றால் அங்கே வாசித்தவனின் கைரேகை, மன்னிக்கவும், கால்ரேகை எங்கே இருக்கிறது?

இன்னொன்று. இரண்டு காலாலும் உதைக்க டபுள் பெடல் போட்டதும் இடது கால் எங்கே போகிறது? ஹை-ஹாட்டை, அதாவது காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டை, விட்டு இறங்கிப்போகிறது. மேல் தட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும்; அடித்தால் சளசளவென்று கேட்கும். அதனால் டிராப் கிளட்ச் என்ற பிடியை மாட்டி மேல் தட்டைக் கீழ்த் தட்டின்மேல் விழவைப்பார்கள், அல்லது எப்போதும் மூடியே இருக்கும் இன்னொரு ஹை-ஹாட்டை வலது பக்கம் வைப்பார்கள். சத்தம் வரும். திறந்து மூடும் அந்த மூச்சு வராது.

அந்த மூச்சைக் கேட்க வேண்டுமானால் பிளாக் சபாத் குழுவின் 'வார் பிக்ஸ்' போடுங்கள், 1970-ல் வந்த 'பாரனாய்டு' ஆல்பத்தின் முதல் பாட்டு. கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கும். ஆஸி ஆஸ்பர்ன் பாடுவார். அவருக்குத் துணை டிரம்மர் பில் வார்டின் ஹை-ஹாட் மட்டும்தான். அந்தத் தட்டு நின்றால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்! அதே ஆண்டு வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில், குழுவின் பெயரையே கொண்ட பாட்டைக் கேளுங்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, ஆமை வேகம். அங்கே இயல்பாக யாரும் ஒன்று, இரண்டு என்று தாளத்தைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வார்டு அப்படிப் போகவில்லை. கிட்டார் சொல்லி முடித்த இடைவெளியில் டாம்களை உருட்டிப் பதில் சொல்கிறார். ஜீன் க்ரூபா, பட்டி ரிச் என்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த ஜாஸ் கை ஐயா அது.

எதிரணி டிரம்மர் டேவ் லொம்பார்டோவைத் துருப்புச் சீட்டாக இறக்கியது. அவர் வாசித்த ஸ்லேயர் குழுவின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பம், 1986. வாருங்கள், அதையே பார்ப்போம். 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டில் எல்லோரும் நின்றுவிட, இரண்டு பாஸ் டிரம்மும் தனியாக உருளும் இடம் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம்? சில நொடி! அரை மணி நேரம்கூட ஓடாத அந்த ஆல்பத்தில் மிச்ச நேரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது கையால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும் சிம்பல் தட்டும். 'ரெயினிங் பிளட்' தொடக்கத்தில், மழைச் சத்தத்துக்கும் கிட்டார் ஊளைக்கும் நடுவே மூன்று மூன்றாக டாமில் விழும் அடி இருக்கிறதே, அதைக் கேட்டதுமே கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும். அது கையா, காலா?

பிரேசில் டிரம்மர் இகோர் கவலேராவை விரித்துச் சொல்ல நேரமில்லை. அவருடைய குழுவான செபுல்துராவின் 1993 ஆல்பம் 'கேயாஸ் ஏ.டி.' முதல் பாட்டிலேயே சம்பா வாடை டாம்களில்தான் அடிக்கிறது.

நிக்கோ மெக்பிரைனை நான் கொஞ்சம் கவனமாகத்தான் தொட வேண்டும். அயர்ன் மெய்டன் குழுவின் டிரம்மராக அவருடைய முதல் ஆல்பம் 'பீஸ் ஆஃப் மைண்ட்', 1983. அதன் முதல் பாட்டான 'வேர் ஈகிள்ஸ் டேர்' அவர் டாம்களில் போடும் ஒரு சுற்றோடுதான் திறக்கிறது. பிறகு மூன்று மூன்றாக விழும் உதைகள் வரும். அவை ஒற்றைப் பெடலில், ஒற்றைக் காலில்! "பார்த்தீர்களா, கால்!" என்று எதிரணி கை தட்டுகிறது. தட்டுங்கள், அதுவும் கைதான். ஒற்றைப் பெடல்காரர் என்று பெயரெடுத்த அவர் 2003-ல் 'ஃபேஸ் இன் த சாண்ட்' பாட்டுக்கு டபுள் பெடல் எடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக மெஷுகா குழுவின் 'ப்ளீட்' பாட்டு, 2008-ன் 'ஆப்ஸென்' ஆல்பம். கால் அணியின் குலதெய்வம். அவர்களுடைய டிரம்மர் தோமாஸ் ஹாகேயின் கால் போடும் முக்கிய உருவம் இது: அவசரமாக இரண்டு, நிதானமாக இரண்டு. ஓர் அடியை நான்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்குக்குள் இந்த நாலும் முடிந்துவிடும். அதாவது, கால் மூன்றில் சுற்றுகிறது. கை? சிம்பலில் நேரான நான்கு, மூன்றாவது அடியில் ஸ்நேர். மூன்று நான்கோடு உரசி விலகுவதால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டில் போய்ச் சிம்பலை மட்டும் விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பிறகு விரலை நிறுத்திவிட்டு உதையை மட்டும் பின்தொடருங்கள். எட்டு அடி தாண்டுவதற்குள் தாளத்தின் முதல் அடி எங்கே என்பது தொலைந்துபோகும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பாருங்கள், அதற்கும் கைதான் வேண்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.